பொழுது சாய்வதற்குள் ஒரு பந்தி

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. கல்யாணமாகிப் பிள்ளையார்பாளையத்துக்கு வந்த புதிதில் விடிவதற்கு முன்பே வீட்டுக்கு வீடு கேட்கும் தறிச் சத்தத்தால் தூக்கம் கெட்டுத் தவித்திருக்கிறேன். பிறகு பழகிப்போய், சத்தம் இல்லாத நாளில்தான் விழிப்பு வர ஆரம்பித்தது. அந்தப் பங்குனி அமாவாசையிலும் அப்படித்தான் விழித்துக்கொண்டேன். விழித்ததும் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மகளின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். தினமும் காலையில் நான் முதலில் செய்கிற காரியம் அதுவாகத்தான் இருந்தது. நூல் சுற்றும் தார்க்குச்சி கணக்காக இருந்தது மணிக்கட்டு.

அவளுக்கு ஒன்றரை வயது நடந்துகொண்டிருந்தது. தை மாதம் மணல்வாரி அம்மை போட்டது. அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றி, வேப்பிலை எல்லாம் எடுத்துப் போட்ட பிறகும் சாப்பாடு மட்டும் திரும்பவில்லை. பால் குடிப்பாள். வேறு எதை வாயருகே கொண்டுபோனாலும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடுவாள். ஏமாற்றி உள்ளே தள்ளினால் நாக்கால் வெளியே தள்ளுவாள். லேடி டாக்டர் எடை பார்த்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடியும் பார்ப்போம், அதற்குள் ஏறாவிட்டால் சென்னைக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்.

என்னால் ஆனதை எல்லாம் செய்தேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் என்பதால் புத்தகத்தில் இருப்பதையும் செய்தேன், பெரியவர்கள் சொன்னதையும் செய்தேன். மணி பார்த்து ஊட்டினேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தேன். தெருவில் எனக்குத் தண்ணீரை வேகவைக்கிற மருமகள் என்று பெயர். ஊட்டும் நேரத்தில் வீடே கூடிவிடும். அத்தை கைதட்டுவார், மாமனார் காக்காயைக் காட்டுவார், நாத்தனார் பாட்டுப் பாடுவாள், நான் கிண்ணத்தோடு பின்னாலேயே போவேன். கடைசியில் கிண்ணம் அப்படியே இருக்கும். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு சமையலறையில் உட்கார்ந்து நான் எதையோ விழுங்குவேன். ருசி தெரியாது. சோற்றில் நெய் கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ, நேற்றுக் கொடுத்த கஞ்சிதான் வயிற்றில் நின்றுவிட்டதோ என்று யோசித்துக்கொண்டே எழுந்துவிடுவேன்.

இப்படி இருக்கையில்தான் என் கணவர், அமாவாசைக்கு மலைப்பக்கம் போய் வரலாம் என்றார். வந்தவாசிக்கு அந்தப் பக்கம், பொன்னூர் மலை அடிவாரத்தில் அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் ஒருவர் இருந்தார். விவசாயம் பார்க்கிற சமணக் குடும்பம். நயினார் வீடு என்பார்கள். வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பஸ், வெயில், ஊர்த் தண்ணீர். குழந்தை ஒன்றும் சாப்பிடாமல் இருக்கும்போது ஊர் சுற்றப் போவதா என்று கேட்டேன்.

"இங்கயே இருந்தா மட்டும் சாப்புடுதா? அங்கயும் சாப்புடாமயே இருக்கட்டும்மா. காத்தாவது வாங்கும்" என்றார்.

அத்தை தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். மாமனார் இருக்கிறவரை அமாவாசைப் படையல் அவர் பாடு, பிள்ளை வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அவரோ, "போய்ட்டு வாம்மா. ஒரு நாள் 'ஆ காட்டு, ஆ காட்டு'ன்னு கேக்காம எங்க காதும் ஆறட்டும்" என்றார்.

சமண வீட்டுக்குப் போகிறோம் என்பதால் நான் எச்சரிக்கையாக இருந்தேன். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் அவர்கள் சேர்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும். மிளகு, சீரகம், சுக்கு தட்டிப்போட்டு இட்லி வார்த்து மந்தாரை இலையில் கட்டினேன். மிளகாய்ப்பொடியைப் பூண்டில்லாமல் புதிதாக இடித்தேன். புளிசாதம் கிளறினேன். குழந்தைக்குத் தனியாகக் கஞ்சி மாவு, ரொட்டி, சர்க்கரை, பிளாஸ்க்கில் கொதித்த தண்ணீர், கூஜாவில் ஆறிய தண்ணீர், மாற்றுத் துணி, ஒருவேளை காய்ச்சல் வந்தால் கொடுக்க மாத்திரை. இரண்டு பை நிறைந்துவிட்டது. என் கணவர் பைகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்பி வருகிற உத்தேசம் உண்டா என்று கேட்டார்.

முதல் பஸ்ஸில் கிளம்பினோம். செவிலிமேடு தாண்டி, பாலாற்று மணலும் தாண்டியதும் காற்றே வேறாக இருந்தது. என் கணவருக்கு ஓர் இடத்துக்குப் போக வேண்டுமென்றால் நேராகப் போகத் தெரியாது. தறிக் குழியில் கால் வைத்தால் மணிக்கணக்காய் அசையாத மனுஷர், தறியை விட்டு எழுந்துவிட்டால் கால் தரையில் நிற்காது. மாமண்டூரில் பஸ் நின்றதும், இங்கே ஒரு குகைக் கோவில் இருக்கிறது, பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று பைகளோடு இறங்கிவிட்டார். நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினேன். அடுத்த பஸ் எப்போது என்று நடத்துனரிடம் கேட்டேன். அவர் விசில் ஊதிவிட்டுப் போய்விட்டார்.

ஏரிக்கரையோரம் நடந்தோம். ஏரியில் பாதி தண்ணீர். அந்தப் பக்கம் பாறையைக் குடைந்து தூண்கள் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே அடியெடுத்து வைத்ததும் குளிர்ச்சி காலில் ஏறியது. குழந்தை இறங்க வேண்டுமென்று துள்ளினாள். இறக்கிவிட்டதும் தூணைப் பிடித்துக்கொண்டு "ஆ" என்றாள். பாறை திருப்பி "ஆ" என்றது. அவள் திகைத்து நின்றாள். பிறகு சிரித்தாள். அம்மை போட்ட பிறகு அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். இத்தனை நாளாக நாங்கள் "ஆ காட்டு" என்று கெஞ்சியது போக, இப்போது தானாகவே ஆ காட்டிக்கொண்டு நின்றாள். அந்த வாயைப் பார்த்ததும் எனக்குக் கடிகாரம் ஞாபகம் வந்துவிட்டது. காலை ஊட்டும் நேரம் கடந்துகொண்டிருந்தது. அவசரமாக இலையைப் பிரித்து, இட்லியைச் சர்க்கரைத் தண்ணீரில் பிசைந்து ஊட்டப் போனேன். சிரிப்பு நின்றது. உதடு மூடிக்கொண்டது.

கரையோரப் பனைகளில் அப்போதுதான் பதநீர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மரத்தடியில் ஓர் அம்மாள் பானையோடு உட்கார்ந்து பனையோலையை மடக்கித் தொன்னை செய்து ஊற்றிக்கொடுத்தார். கள்ளுக்கடைகள் திறந்திருந்த சமயம் அது. ஒரே தோப்பில் கள்ளுக்கும் பானை கட்டுவார்கள், பதநீருக்கும் பானை கட்டுவார்கள். பதநீர்ப் பானைக்குள் சுண்ணாம்பு தடவியிருக்கும் என்பது தெரியும். தெரிந்தும் தொன்னையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். பிறகு பானைக்குள்ளேயும் எட்டிப் பார்த்தேன். அந்த அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாமா, மூக்காலயே குடிச்சிடப் போறியா? வூட்டுக்காரரப் பாரு, மூணாவது ஊத்திக்கினு நிக்கிறாரு. அவரு உழுந்தா நீ குடிக்காத."

என் கணவர் விழவில்லை. நான் குடித்தேன். பனையோலை வாசனையோடு அந்த இனிப்பு தொண்டையில் இறங்கியபோது, எதையும் யோசிக்காமல் ஒரு பொருளைக் குடித்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று தோன்றியது. குழந்தைக்கு ஒரு சொட்டு நாக்கில் வைக்கலாமா என்றார் அவர். வேண்டாம் என்றேன். வைத்திருக்கலாமோ என்று வந்தவாசி போய்ச் சேரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

வந்தவாசி மலையடிவாரத்து ஊர். கடைத்தெருவில் எங்கே நின்று நிமிர்ந்தாலும் பாறை தெரிகிறது. ஒரு சந்தில் கோரைப்பாய் நெய்துகொண்டிருந்தார்கள். என் கணவர் அங்கேயே குந்திவிட்டார். ஒருவர் கோரையைக் குச்சியில் கோத்து உள்ளே தள்ள, இன்னொருவர் கட்டையால் அடித்து நெருக்கினார். பட்டுத்தறியில் மயிரிழையாகப் பார்த்துப் பழகிய இவர், அந்தத் தடித்த கோரையை விரலால் தடவிப் பார்த்து, இழை அறுந்துபோகிற கவலையே இல்லாத வேலை என்று சொல்லிவைத்தார். பாய் நெய்கிறவர் கையை நிறுத்தாமலே பதில் சொன்னார். "உங்க பொடவை பொட்டியில தூங்குது நைனா. எங்க பாய் மேலதான் ஊரே தூங்குது." இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள். நான் நிழலில் நின்றுகொண்டு குழந்தைக்கு ரொட்டியை நனைத்து நீட்டிக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் கூட இரக்கப்பட்டு ஒரு வர்க்கியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதை நக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள்.

வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக்கூடாது என்று கடைத்தெருவில் தேடினேன். மலைத்தேன் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஜவ்வாது மலையிலிருந்து வந்ததாம். வெங்காயம் இல்லை, கிழங்கு இல்லை. சாமிக்கே அபிஷேகம் செய்கிற பொருள், யார் வீட்டுக்கும் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். ஒரு பாட்டில் வாங்கித் துணியில் சுற்றி வைத்துக்கொண்டேன்.

சிநேகிதர் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார். அமைதியான மனிதர். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே மாடு தன் போக்கில் நடந்தது. யாரும் அதை விரட்டவில்லை. ஊருக்குள் நுழைந்தபோது உச்சி வெயில். வீட்டு வாசலில் அவர் மனைவி தண்ணீர்ச் செம்போடு நின்றார். என் வயதுதான் இருக்கும். வாங்கக்கா என்று குழந்தையைக் கைநீட்டி வாங்கிக்கொண்டார். நான் தேன் பாட்டிலைத் துணியைப் பிரித்து நீட்டினேன்.

அவர் கை பாதியில் நின்றது. ஒரு கணம்தான். பிறகு சிரித்துக்கொண்டே வாங்கி, உள்ளே கொண்டுபோகாமல் வாசல் மாடத்தில் வைத்தார். அவர் கணவர் இருமினார். என் கணவர் என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் தேன் தொடமாட்டார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. தேனீக்களின் உயிர் போகுமே என்பதற்காக மருந்துக்குக்கூடச் சேர்ப்பதில்லையாம். மிளகாய்ப்பொடியில் பூண்டு இல்லாமல் பார்த்துப் பார்த்து இடித்துக்கொண்டு வந்தவள், அவர்கள் சேர்க்கவே சேர்க்காத ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சிநேகிதரோடு கூட உட்கார்ந்தவர், கடைத்தெருவிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று பிறகு என் கணவரிடம் கேட்டேன். நான் வாங்கும்போது தான் பாய்த்தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லையே என்றார் அவர்.

வெட்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சமையலறைப் பக்கம் போய் நின்றேன். அங்கே வீட்டுக்கார அம்மாள், கிணற்றுத் தண்ணீரைக் குடத்து வாயில் வெள்ளைத் துணி கட்டி வடிகட்டிக்கொண்டிருந்தார். குடிக்கிற தண்ணீர் வேறாக அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. குழந்தைக்குக் கொதித்த தண்ணீர் இருக்கிறதா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எந்தக் குடம் என்று மட்டும் காட்டினார். எங்கள் தெருவில் கேலியாகிப்போன என் பழக்கம் அந்த வீட்டில் நடைமுறையாக இருந்தது.  தேன் விஷயத்தைச் சொல்லி மன்னிக்கச் சொல்லலாமா, சொன்னால் இன்னும் பெரிதாகிவிடுமா என்று யோசித்துக்கொண்டே குழந்தையின் கூஜாவை நிரப்பினேன்.

மதியம் எங்கள் வீட்டைப் போலத்தான். ஆண்களுக்கு முதல் பந்தி. அப்புறம் பிள்ளைகள். நான் என் மகளைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துப் பக்கம் போய்க் கன்றுக்குட்டியைக் காட்டி, பருப்பு சாதம் ஊட்டிப் பார்த்தேன். கன்றுக்குட்டி வந்து கிண்ணத்தை நக்கப் பார்த்தது. இவள் தொடவில்லை. திரும்பி வந்து நான் சாப்பிட்டேன் என்று பேர் பண்ணினேன். வீட்டுக்கார அம்மாள் கவனித்திருக்க வேண்டும். 

வெயில் இறங்கியதும் சிநேகிதர் எங்களை மலைக்கு அழைத்துப் போனார். படிக்கட்டுகள் வெட்டிய சின்ன மலைதான். மேலே பாறையில் முனிவர் ஒருவரின் பாதங்கள் செதுக்கியிருக்கின்றன. பக்கத்தில் செண்பக மரம். சுற்றிலும் ஏரிகள் தகடு தகடாய் மின்னின. வயல், கொல்லை, பனங்கூட்டம், இன்னும் தள்ளிப் புகை படிந்தாற்போல் வேறு மலைகள். காஞ்சிபுரத்தில் நான் பார்த்த பெரிய உயரம் கோபுரம்தான். இங்கே கோபுரத்தின் மேல் நாமே நிற்பதைப் போல் இருந்தது. காற்று பட்டதும் குழந்தை என் தோளிலேயே தூங்கிவிட்டாள். மரத்தடியில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் என் கணவர் கிளம்பலாமா என்றார். படியிறங்கினால் குலுக்கலில் விழித்துக்கொள்வாள், பகலில் சரியாகத் தூங்கவே இல்லை, இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். சிநேகிதர் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார். சூரியனைக் கும்பிடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். கடைசியில் அவரே என் பக்கம் வராமல், என் கணவரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"தங்கச்சிய அவசரப்படுத்துறேன்னு நினைக்காதப்பா. பொழுது போனா வூட்ல அடுப்பு மூடிடுவாங்க. நீங்க சாப்புடாம அவங்க யாரும் சாப்புட மாட்டாங்க."

இருட்டின பிறகு அவர்கள் சாப்பிடுவதில்லை என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் விருந்தாளியை விட்டுவிட்டு அந்த வீட்டில் யாரும் கைநனைக்க மாட்டார்கள் என்பதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. என் குழந்தையின் தூக்கம் கெடக்கூடாது என்று நான் உட்கார்ந்திருந்ததில் ஒரு வீடே மறுநாள் காலை வரை பட்டினி கிடக்கப் போகிறது. அந்த வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படிகளில் ஓட்டமும் நடையுமாக இறங்கினேன். அவள் விழித்துக்கொண்டாள். அழவில்லை, என் ஓட்டத்தை வேடிக்கை பார்த்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது வெயில் எதிர்வீட்டுக் கூரையில் ஏறியிருந்தது. கூடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இரண்டு பந்தி வைக்க அப்போது நேரமில்லை. வீட்டுக்கார அம்மாள் சோற்றுப் பாத்திரத்தையும் மோர்க்குழம்பையும் பொரியலையும் நடுவில் கொண்டுவந்து வைத்தார். "அக்கா, உக்காருங்க. எல்லாரும் ஒண்ணாவே உக்காரலாம்" என்று சொல்லித் தாமும் ஓர் இலையின் முன் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மாமனாரும் அதே வரிசையில்தான் இருந்தார். பிள்ளைகள் இருந்தார்கள். மற்ற வேளையில் அவர் எதிரில் மருமகள் உட்கார்ந்து சாப்பிடுவாரா என்பது தெரியாது. அந்த நேரத்தில் பெரியவர் யார், சின்னவர் யார் என்று பார்க்க யாருக்கும் ஒழியவில்லை.

குழந்தைக்கு முதலில் ஊட்டிவிடுகிறேன் என்றேன். நேரமில்லக்கா, மடியில வெச்சிக்குங்க என்றார் அவர். நான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு இலை போட்டு, சோறு வைத்து, மோர்க்குழம்பு ஊற்றியாயிற்று. வெள்ளைப் பூசணி போட்ட குழம்பு. எல்லாரும் குனிந்து சாப்பிட்டார்கள். பேச்சே இல்லை. பிள்ளைகள் மட்டும் ஒரு வாய்க்கு ஒரு தரம் நிமிர்ந்து எதிர்க்கூரையில் வெயிலைப் பார்த்துக்கொண்டார்கள். நானும் சாப்பிட்டேன். நான் நிறுத்தினால் அவர்களும் நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் சாப்பிட்டேன். காலையிலிருந்து ஏறி இறங்கிய பசி அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மிளகு காரமும் புளிப்புமாய் அப்படி ஒரு ருசி. ஒரு கவளம், இன்னொரு கவளம் என்று கை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது என் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை இலையில் இறங்கியது.

ஒரு பூசணித் துண்டை எடுத்தாள். பிசுக்கென்று நசுங்கியது. அதை வாயில் வைத்தாள். புளிப்பில் கண்ணைச் சுருக்கினாள். துப்பப் போகிறாள் என்று நினைத்தேன். விழுங்கினாள். மறுபடியும் இலையில் கை வைத்து, இந்தத் தடவை சோறு. பாதி என் புடவையில் சிந்தியது, பாதி உள்ளே போனது.

என் கை தானாக அவளைத் தடுக்கப் போனது. மோர்க்குழம்பு, அதுவும் பொழுது சாய்கிற வேளையில், சளி பிடிக்கும், மிளகு காரம் வேறு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே மெதுவாகச் சொன்னார்.

"விடுங்கக்கா. அதப் பாக்காதீங்க. நீங்க உங்க பாட்டுக்குச் சாப்புடுங்க."

பார்க்காமல் சாப்பிட்டேன். அதைவிடக் கஷ்டமான காரியத்தை நான் செய்ததில்லை. இலையில் என் கையும் அவள் கையும் மாறி மாறி இறங்கின. அந்தக் கூடத்தில் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. யாரும் கைதட்டவில்லை, காக்காயைக் காட்டவில்லை. எல்லாருக்கும் வெயில் மேல்தான் கண். எதிரில் உட்கார்ந்திருந்த என் கணவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டார். வெகுநேரம் நிமிரவில்லை. பெரியவர் கைகழுவ எழுந்தபோது கூரையில் வெயில் போய்விட்டிருந்தது. என் இலையில் ஒரு பருக்கை இல்லை. அதில் எவ்வளவு நான் தின்றேன், எவ்வளவு அவள் தின்றாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கை கழுவும்போது நான் அழுதுவிட்டேன். அந்த அம்மாள் செம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, தன் மூத்த பிள்ளையும் இப்படித்தான் இருந்தான் என்றார்.  நான் தேனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் மாடத்திலிருந்த பாட்டிலை எடுத்துவந்து என் பையில் வைத்தார்.

"கொழந்தைக்கு மருந்து கொழைக்க உங்களுக்கு ஆவும். எங்க வூட்டுக்கு ஒண்ணும் எடுத்துக்கினு வராதீங்கக்கா. கொழந்தையத் தூக்கிக்கினு வாங்க, போதும்."

வண்டி எங்களைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டது. வந்தவாசியில் பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் அவள் மூச்சு சரியாக வருகிறதா, உடம்பு சுடுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஆனால் அங்கே சாப்பிட்டது பெரிதில்லை, வீட்டில் சாப்பிடுவாளா என்பதுதான் மறுநாள் முழுவதும் எனக்குக் கேள்வியாக இருந்தது. காலையில் பழையபடி கிண்ணத்தை எடுத்தேன், பழையபடி உதடு மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டில் தெலுங்குக்காரர்களுக்கு யுகாதி. வேப்பம்பூ பச்சடி கொண்டுவந்து கொடுத்தவர்கள், குழந்தை தேறவில்லையே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறந்ததிலிருந்து இந்தக் குழந்தை நான் சாப்பிட்டுப் பார்த்ததே இல்லை. அவளுக்கு ஊட்டி, எல்லாருக்கும் பரிமாறி, அவள் தூங்கின பிறகுதான் நான் சமையலறையில் உட்காருவேன். சோறு என்றால் அம்மா துரத்திக்கொண்டு வருகிற ஒரு பொருள் என்றுதான் அவளுக்குத் தெரியும். அம்மா அதை ஆசையாகத் தின்பாள் என்பது தெரியாது.

சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்பே சோறு வடித்துவிட்டேன். எல்லாரும் ஒன்றாக உட்காரலாமா என்று அத்தையிடம் கேட்டேன். கேட்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

"பொழுதோட சோறா? நாம எப்பம்மா நயினார் வூடானோம்?" என்றார்.

என் கணவர் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து மணையைப் போட்டு உட்கார்ந்தார். அவர் அந்த நேரத்தில் தறியை விட்டு எழுந்திருப்பவர் அல்ல. அத்தை மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு வந்து தாமும் உட்கார்ந்தார். ஒருவரும் குழந்தையைப் பார்க்கக்கூடாது, அது மட்டும் போதும் என்று கேட்டுக்கொண்டேன். மாமனாருக்குத்தான் அது சிரமமாக இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

நான் ரசம் சாதம் பிசைந்து என் வாயில் வைத்தேன். மடியில் இருந்தவள் என் தாடை அசைவதையே பார்த்தாள். ஒரு வாய், இரண்டு வாய். ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஊர்க் காற்று வேறு, அந்தப் பசி வேறு, வீணாக எல்லாரையும் உட்கார வைத்துவிட்டேனே என்று நினைத்தேன். அப்புறம் சின்னக் கை தட்டில் வந்து விழுந்தது.

அடுத்த வாரம் எடை கொஞ்சம்தான் ஏறியிருந்தது. லேடி டாக்டர் தராசுத் தட்டை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுச் சென்னை இப்போதைக்கு வேண்டாம் என்றார். நான் மோர்க்குழம்பு விஷயத்தைச் சொன்னேன். அம்மைக்குப் பிறகு சில பிள்ளைகளுக்குப் பசி திரும்ப நாளாகும், அது வருகிற நேரத்தில் வந்திருக்கும் என்றார் அவர். இருக்கலாம். அவர் படித்தவர். அதுவாகவே வந்திருக்குமோ என்று நானும் சில சமயம் நினைப்பேன்.

இப்போது அவளுக்கு நான்கு வயது. இரண்டாவது குழந்தை தொட்டிலில் இருக்கிறது. எங்கள் வீட்டில் இன்னமும் சாயங்காலச் சாப்பாடு எல்லாருக்கும் ஒரே பந்திதான். மணல்வாரி என்ற சொல்லைக் கேட்டால் இன்னமும் மகளின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்கிறேன். தண்ணீரை இன்னமும் வேகவைக்கிறேன். மாடத்தில் அந்தத் தேன் பாட்டில் பாதி இருக்கிறது. மருந்து குழைக்க எடுக்கும்போதெல்லாம், வெயிலைப் பார்த்தபடி என்னைத் திரும்பிப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளை மனதில் கும்பிட்டுக்கொள்வேன். என் மகளுக்குத் தனித் தட்டு உண்டு. ஆனாலும் முதல் வாயை என் தட்டிலிருந்துதான் எடுக்கிறாள். எடுக்கட்டும் என்று நான் பார்க்காததுபோல் இருந்துவிடுகிறேன்.